பழைய இரும்புக்காரரைக் கடைசியாகக் கூப்பிடுங்கள்

யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய வீட்டை ஒதுக்கப்போகிறார்கள் என்ற கதை ஒழுங்கை முழுக்கப் பரவ அரை நாள் போதும். அடுத்த நாள் காலை படலையடியில் பழைய இரும்பு வாங்குபவர் நிற்பார். கையில் தராசு, பின்னால் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம். "எல்லாத்தையும் நான் ஏத்துறன் அம்மா, நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை" என்பார். பிள்ளைகள் வெளிநாட்டில், முழங்கால் நோவு, ஐந்து அறை நிறையச் சாமான் என்று களைத்திருக்கும் ஆளுக்கு அந்தப் பேச்சு தேனாகத்தான் இருக்கும். ஆனால் முதல் நாளே அவர் உள்ளே வந்துவிட்டால், பிறகு எந்த நிபுணர் வந்தும் அதிகம் செய்ய முடியாது. அலுமாரி போகும்போது அடித்தட்டில் விரித்திருந்த கடதாசியும் சேர்ந்து போகும். அந்தக் கடதாசிக்குக் கீழேதான் காணி உறுதிப் பத்திரம் கிடந்திருக்கும்.

பெரிய வீட்டிலிருந்து சிறிய வீட்டுக்கு மாறும் வேலையில் ஆட்களை எந்த வரிசையில் கூப்பிடுகிறோம் என்பதுதான் பாதிக் காரியம். அமெரிக்காவில் வீட்டை ஒழுங்குபடுத்திக் கொடுப்பவர்களுக்கு 1980களிலிருந்தே தனிச் சங்கம் உண்டு. முதியவர்களை வீடு மாற்றிக் கொடுப்பது அங்கே இன்னொரு தனித் தொழில். ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்கு அது தெரியும். அதையே யாழ்ப்பாணத்திலும் தேடி, கிடைக்கவில்லை என்று சலித்துக்கொள்வார். இங்கே அந்த வேலை ஒரே கையில் இல்லை. தச்சர், உறுதி எழுதும் நொத்தாரிசு, நூலகக்காரர், ஏற்றி இறக்குபவர்கள், லொறிக்காரர், இரும்புக்காரர் என்று பிரிந்து கிடக்கிறது. இவர்களை வரிசைப்படுத்தி நடத்தும் ஒருவரைத்தான் தேடவேண்டும். இக்கட்டுரையில் அவரை ஒருங்கிணைப்பாளர் என்று வைத்துக்கொள்வோம்.

வீடு ஏன் நிறைந்து கிடக்கிறது என்று விளங்காதவர் இந்த வேலைக்கு உதவமாட்டார். 1990க்குப் பிறகு போரினால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. எரிபொருள், மின்கலம், சீமெந்து, உரம் எல்லாம் தடைப் பட்டியலில் இருந்தன. வெறும் ஜாம் போத்தல்தான் அப்போது விளக்கு. 1995 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரை உள்ளடக்கிய வலிகாமமே ஒரே இரவில் இடம்பெயர்ந்து நடந்தது. 2006 ஓகஸ்டில் குடாநாட்டுக்கான தரைவழியான ஏ9 பாதை மறுபடியும் மூடப்பட்டது. இதையெல்லாம் கடந்து வந்த ஒருவர், மூடியுள்ள ஒரு போத்தலைப் பார்த்து "கிடக்கட்டும், ஒரு நாளைக்கு உதவும்" என்றால் அது பழக்கதோசம் மட்டுமல்ல, பட்டறிந்த கணக்கு. "இது குப்பைதானே அன்ரி" என்று சொன்ன உதவியாளருக்கு அன்றைய நாள் அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு சுளகும் அசையாது.

அனுபவமுள்ளவர்கள் கேள்வியை மாற்றிப் போடுவார்கள். "இது வேணுமா, வேண்டாமா" என்று கேட்டால் எல்லாமே வேணும். "இது ஆருக்குப் போனா நல்லது" என்று கேட்டால் பெயர் தானாக வரும். பெயர் வந்த சாமான் படலையைத் தாண்டும். அழுகிய உணவும் நடக்க இடமில்லாத அறைகளுமாக நிலைமை முற்றியிருந்தால், அல்லது ஒவ்வொரு துண்டைத் தொடும்போதும் பதைபதைத்தால், அது ஒருங்கிணைப்பாளரின் வேலை அல்ல. சேகரித்துக் குவிப்பதை 2013இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு தனி நோயாகவே சேர்த்துக்கொண்டது. முதலில் வைத்தியரிடம் போகவேண்டும்.

ஒருங்கிணைப்பாளராக யாரைப் பிடிப்பது? ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கியில் இருந்தவர், கச்சேரியில் கோப்பு பார்த்தவர் போன்றவர்கள் பொருத்தம். பழைய கையெழுத்தை வாசிக்கத் தெரிய வேண்டும், சலிக்காமல் எழுதிவைக்க வேண்டும், அந்தக் குடும்பத்தில் பங்கு கேட்கும் உரிமை அவருக்கு இருக்கக்கூடாது. மூன்றாவது தகுதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சொந்தக்காரப் பெடியன்தானே என்று விட்டால், பிறகு காணாமல்போகும் ஒவ்வொரு செம்புக்கும் அவன் தலைதான் உருளும். ஆளை அளக்க ஓர் அலுமாரியை மட்டும் கொடுத்துப் பாருங்கள். நல்லவர் பின்னேரம் நான்கு குவியலோடும் ஒரு கொப்பி நிறையக் கேள்விகளோடும் வருவார். மற்றவர் வெறுமையான அலுமாரியைக் காட்டிப் பெருமைப்படுவார்.

சம்பளம் காசாகவே இருக்கட்டும். "காசு வேண்டாம், கழிக்கிற சாமானை நான் எடுக்கிறன்" என்ற ஏற்பாடு மலிவாகத் தோன்றும். ஆனால் கழிப்பதா வைத்திருப்பதா என்று தீர்மானிக்கும் ஆளுக்கே கழித்த சாமான் சொந்தம் என்றால் தீர்மானம் எந்தப் பக்கம் சாயும்? பிரிக்கும் வேலைக்கு நாட்கூலி, ஏற்றி இறக்கும் வேலைக்கு ஒப்பந்தம் என்பதுதான் சரி. இதை மாற்றிச் செய்தால் பிரிப்பவர் அவசரப்படுவார், ஏற்றுபவர் ஆறுதலாகத் தேநீர் குடிப்பார்.

காலக் கணக்கில்தான் அநேகமானோர் சறுக்குகிறார்கள். பிள்ளைகள் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வருகிறார்கள். 25 நாட்களில் தேர், தீர்த்தம், விருந்து எல்லாம் முடித்து, விமானத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பெட்டகத்தைத் திறக்கிறார்கள். ஐந்து அறையுள்ள ஒரு நாற்சார் வீட்டுக்கு நிதானமாக மூன்று கிழமை வேண்டும். சாதாரண அறைக்கு ஒரு நாள், குசினிக்கு இரண்டு நாள், கடதாசிக்கு மட்டும் நான்கு நாள். எழுபது, எண்பது வயதுக்காரரால் ஒரு நாளில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் தீர்மானம் எடுக்க முடியாது. காலை எட்டரை தொடக்கம் பத்தரை வரை அவரோடு இருங்கள். கட்டுவது, துடைப்பது, எழுதுவது எல்லாம் பிறகு. மாரி மழைக்குள் இறங்கவேண்டாம். ஒக்ரோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை கடதாசியும் துணியும் ஈரத்தை இழுக்கும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் முற்றத்தில் கடதாசி பரப்பவும் வேண்டாம். பெப்ரவரி, மார்ச் தோதான மாதங்கள்.

முதல் கிழமை கடதாசிக்கு. தளபாடம் ஒன்றையும் அசைக்காமல், இறாக்கை, பெட்டகம், ரங்குப்பெட்டி, சாமியறைப் படங்களின் பின்பக்கம், தலையணை உறை, பழைய பிஸ்கற் ரின் எல்லாவற்றிலிருந்தும் கடதாசியை மட்டும் ஒரே மேசைக்குக் கொண்டுவாருங்கள். புத்தகங்களை முதுகைப் பிடித்துத் தலைகீழாக உதறாதீர்கள், கட்டு கழன்றுவிடும். பக்கங்களை விரலால் ஓட்டிப் பாருங்கள். பஞ்சாங்கத்துக்குள் சாதகக் குறிப்பு, தேவாரப் புத்தகத்துக்குள் வங்கிப் பற்றுச்சீட்டு, சமையல் கொப்பிக்குள் சீட்டுக் கணக்கு எல்லாம் இருக்கும்.

மேசைக்கு வந்தவற்றை ஐந்தாகப் பிரித்தால் போதும். காணி, ஆட்கள், பணம், உடம்பு, மற்றவை. காணிக் கட்டில் உறுதிகள், நில அளவைப் படங்கள், தோம்பு என்ற பழைய காணிப் பதிவேட்டின் பிரதிகள், உள்ளூராட்சி சபைக்கு ஆதனத்துக்காகக் கட்டிய சோலைவரிப் பற்றுச்சீட்டுகள். சோலைவரித் துண்டுகளை "காசு கட்டியாச்சுத்தானே" என்று எரிப்பவர்கள் உண்டு. இலங்கைச் சட்டத்தில் பத்து வருடம் தடையின்றி ஆண்டதைக் காட்டி ஒருவர் காணிக்கு உரிமை கோரலாம். ஆட்சி யாரிடம் இருந்தது என்ற வழக்கு வந்தால் அந்தத் துண்டுகள் பேசும். போரினால் தங்கள் காணிக்குப் போகமுடியாதவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன்கீழ் நிவாரணம் தேடியவர்களுக்கு இடம்பெயர்ந்ததைக் காட்டும் பழைய பதிவுகள் உதவின. ஆகவே கிராம அலுவலர் தந்த பழைய கடிதம், நிவாரண அட்டை ஒன்றையும் எறியாதீர்கள். உறுதி கிழிந்து பாதிதான் இருக்கிறதா? அந்தப் பாதியில் உறுதி இலக்கமும் திகதியும் நொத்தாரிசின் பெயரும் இருந்தால் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். நொத்தாரிசு ஒவ்வொரு உறுதியிலும் ஒரு பிரதியை அங்கே ஒப்படைப்பது சட்டக் கடமை.

இங்கே பரவலாக நடக்கும் ஒரு பிழை உறுதியை லெமினேற் செய்வது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக் பிறகு கழலாது. முத்திரையும் கையெழுத்தும் உள்ளே அடைபட்டு மங்கும், பரிசோதிக்கவும் முடியாது. செலோரேப்பும் அப்படித்தான், சில வருடங்களில் மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். துருப்பிடித்த ஊசியையும் கிளிப்பையும் கழற்றி, கடதாசி உறையில் இட்டு, தட்டையாக, சுவரோடு ஒட்டாமல் வைத்தால் போதும். கறையான் சுவர் வழியாகத்தான் வரும்.

பணக் கட்டில் பழைய சேமிப்புப் புத்தகம் கண்டால் ஐம்பது ரூபாதானே என்று விடவேண்டாம். பத்து வருடம் அசையாத கணக்கின் பணம் மத்திய வங்கிக்கு மாற்றப்படும், ஆனால் உரியவர் கேட்டுப் பெறலாம். காலாவதியான கடவுச்சீட்டுகளையும் வைத்திருங்கள். உடம்புக் கட்டில் கிளினிக் கொப்பி, மருந்துச் சீட்டு, கண்ணாடிச் சீட்டு. இந்தக் கட்டு லொறியில் ஏறக்கூடாது, கைப்பையில்தான் போகவேண்டும்.

இந்த இடத்தில் நொத்தாரிசையோ சட்டத்தரணியையோ ஒரு தடவை வீட்டுக்குக் கூப்பிடுவது காசுக்குப் பெறுமதியானது. தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழர் மரபுச் சட்டம் பொருந்தும் குடும்பங்களில் முதுசொம் (முன்னோரிடமிருந்து வந்தது), சீதனம் (கலியாணத்தில் பெண்ணுக்குக் கொடுத்தது), தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடியது) என்று ஆதனத்தின் மூலமே உரிமையைத் தீர்மானிக்கும். எந்தக் காணி எப்படி வந்தது என்று சொல்லக்கூடிய ஆள் இன்னும் வீட்டில் இருக்கிறார். மூன்று மாதத்துக்குப் பிறகு கொழும்பு வெள்ளவத்தையில் இருப்பார், அல்லது சிட்னியில்.

அடுத்தது எழுத்தும் படமும். பழைய ஈழநாடு பத்திரிகை, மல்லிகை, சிரித்திரன் சஞ்சிகைகள், கோயில் மலர், பாடசாலை ஆண்டு மலர், கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும் நினைவு மலர்கள் எல்லாம் கடலைச் சுருளுக்குப் போகக்கூடாதவை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அதன்பின் ஊர் வீடுகளில் தப்பியிருந்த ஒற்றைப் பிரதிகளுக்குத் தனி மதிப்பு வந்துவிட்டது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகம் இவற்றைப் படியெடுத்து இணையத்தில் வைக்கிறது. கொடுக்கும் முன் மூலப் பிரதி திரும்பி வருமா என்பதைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக நூலகத்துக்கோ ஊர் வாசிகசாலைக்கோ கொடுப்பதானால் உரப்பையில் கட்டிக் கொண்டுபோய் இறக்காதீர்கள். நூற்பெயர், ஆண்டு, நிலை என்று பட்டியலை முதலில் அனுப்புங்கள். பட்டியலில்லாத மூட்டை எங்கே போனாலும் மூட்டையாகவே கிடக்கும்.

பனையோலை ஏடு கிடைத்தால் கட்டை அவிழ்க்கவேண்டாம், தண்ணீர் படவிடவேண்டாம், மண்ணெண்ணெய் பூசவேண்டாம். பருத்தித் துணியில் சுற்றி அப்படியே பல்கலைக்கழகத்தாருக்கோ நூலகத்தாருக்கோ காட்டுங்கள். வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்லும் எண்ணம் இருந்தால் ஏடு, பழைய சிலை, பழைய விளக்கு எதற்கும் முதலில் தொல்லியல் திணைக்களத்தைக் கேளுங்கள். கலாசாரச் சொத்துகளை அனுமதியின்றி நாட்டைவிட்டுக் கொண்டுபோவதை 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. விறாந்தையில் தொங்கும் மான் கொம்பு வேறு சட்டத்தின் கீழ் வரும், அதையும் பயணப் பெட்டியில் வைக்காதீர்கள்.

சட்டகத்தின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்கக்கூடாது, முகம் கண்ணாடியில் நின்றுவிடும். கண்ணாடியோடேயே ஸ்கான் பண்ணவேண்டும். படங்களின் பின்பக்கம் மென்மையான பென்சிலால் இலக்கம் மட்டும் இடுங்கள், குமிழ்ப் பேனை மறுபக்கம் தழும்பாக எழும்பும். பிறகு அம்மாவுக்குப் பக்கத்தில் கைத்தொலைபேசியைப் பதிவில் வைத்து, இலக்கம் இலக்கமாக "இது ஆர், இது ஆற்ற கலியாணம்" என்று கேளுங்கள். நாளுக்கு நாற்பது படம் தாராளம்.

நகைக்கு வருவோம். வெளி ஆட்கள் உள்ளே வருமுன் வீட்டார் மட்டும் ஒரு நாள் தேடவேண்டும். பெட்டகங்களில் கள்ள அறை இருக்கும். பக்கத்துப் பலகையின் தடிப்பு மற்றப் பக்கத்தை விடக் கூடுதலாகத் தெரிந்தாலோ, உள்ளாழம் வெளியளவுக்குப் பொருந்தாவிட்டாலோ, பழைய தச்சரைக் கூப்பிட்டுத் திறப்பியுங்கள். அரிசிப் பானை, இலவம்பஞ்சுத் தலையணை, கூறைச்சேலை மடிப்பு எல்லாவற்றையும் கையால் தடவிப் பாருங்கள். ஞாபகம் தளர்ந்தவர்கள் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும், நேற்று வைத்த இடமே மாறியிருக்கும்.

பாத்திரங்களில் வெட்டியிருக்கும் எழுத்தைப் பாருங்கள். பித்தளை, வெண்கலச் சாமான்களில் உரிமையாளரின் முதலெழுத்தைப் பொறிப்பது இங்கே வழக்கம். உங்கள் வீட்டுக் கிடாரத்தில் வேறு எழுத்து இருந்தால், அது கோயிலுடையதாகவோ அயலவருடையதாகவோ இருக்கலாம். இடப்பெயர்வுக் காலத்தில் "வந்து எடுக்கிறம்" என்று வைத்துவிட்டுப்போன பெட்டிகளும் பல வீடுகளில் முப்பது வருடமாகக் கிடக்கின்றன. அவை உங்கள் பங்குக் கணக்கில் வராது. எழுதி, படமெடுத்து, உரியவரின் உறவைத் தேடுங்கள்.

சகோதரர்களுக்குள் பிரச்சினை வருவது விலையுயர்ந்த சாமானால் அல்ல, மூக்குப்பேணியால்தான். ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொரு சாமானுக்கும் இலக்கம் ஒட்டி, படமெடுத்து, குடும்ப வட்ஸ்அப்பில் போடட்டும். ஏழு நாள் தவணை. ஒருவர் மட்டும் கேட்டால் அவருக்கு. இருவர் கேட்டால் அம்மா, அப்பா சொல்வதுதான் முடிவு. பதில் இல்லாவிட்டால் விட்டுக்கொடுத்ததாகக் கொள்ளப்படும் என்று முதல் நாளே எழுதிவிடுங்கள். "எனக்கு வேணும், ஆனா இப்ப எடுக்கேலாது" என்பவர் ஏற்றுகூலியையும் வைக்கும் இடத்தையும் சொல்லவேண்டும். அங்கேயே பாதிக் கோரிக்கை கரைந்துபோகும்.

தளபாடத்துக்கு அளவுநாடாதான் நீதிபதி. புதிய வீட்டின் நிலப்படத்தை ஓர் அடிக்கு ஒரு சென்ரிமீற்றராகக் கீறி, ஒவ்வொரு தளபாடத்தையும் அதே அளவில் கடதாசியில் வெட்டி வைத்துப் பாருங்கள். வாசல் அகலம், மாடிப்படித் திருப்பம், லிப்டின் உள்ளளவு மூன்றையும் அங்கே இருப்பவரைக்கொண்டு அளப்பியுங்கள். நான்கடி அகல முதிரை அலுமாரி கொழும்பு மாடிவீட்டு லிப்டுக்குள் நுழையாமல், கீழே வாகனத் தரிப்பிடத்தில் நின்று உக்குவது சாதாரணம். ஆப்பு அடித்துப் பொருத்திய பழைய தளபாடத்தை ஏற்றுபவர்கள் சுத்தியலால் கழற்றினால் மூட்டு பிளக்கும். தச்சரே கழற்றி, துண்டுகளுக்கு இலக்கமிட்டுத் தரவேண்டும். தளபாடமாக அல்லாமல் வளை, கைமரம், பலகை என்று ஏற்றுவதானால் அது மரப் போக்குவரத்து. வழிமறித்தால் அனுமதி கேட்பார்கள், முன்பே பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

குசினிக்கு ஒரு கணக்கு: இரண்டு பேர் இருக்கப்போகும் வீட்டுக்கு ஆறு கோப்பை, ஆறு தட்டம், மூன்று சட்டி, ஒரு திருவலை, ஒரு நீத்துப்பெட்டி. அம்மி, உரல் விடயத்தில் வாதாடவேண்டாம், கீழ்வீடானால் எடுத்துப்போகட்டும்.

கொட்டிலையும் வீட்டின் பின்பக்கக் கோடியையும் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. பழைய பூச்சிமருந்துப் போத்தல்கள் இருக்கும். மெத்தமிடபொஸ், மொனோகுரோட்டபொஸ் 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் தடைசெய்யப்பட்டவை, ஆனால் மூலையில் கிடக்கும். அவற்றை நிலத்தில் ஊற்றுவது கிணற்றில் ஊற்றுவதற்குச் சமம். குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல், வெடிப்புகள் வழியாக எதுவும் விரைவாக இறங்கும். மூடியை இறுக்கி, நிமிர்த்தி, வாளிக்குள் மணல் போட்டு வைத்து, விவசாயத் திணைக்கள அலுவலரைக் கேளுங்கள். வாகன மின்கலத்தின் அமிலமும் அப்படித்தான். அஸ்பெஸ்ரஸ் தகட்டை உடைக்காமல், நனைத்து, முழுதாக எடுக்கவேண்டும். வெற்று ஷெல் கோதைப் பூச்சாடியாக வைத்த வீடுகள் எங்கள் ஊரில் உண்டு. அது வெற்றுக் கோதுதானா என்று நீங்கள் சோதிக்கவேண்டாம். கோடியிலோ பழைய பதுங்குகுழியிலோ சந்தேகமான இரும்பு எது கண்டாலும் தொடாமல், அடையாளம் வைத்து, பொலிஸின் 119 இலக்கத்துக்கு எடுங்கள். இரும்புக்காரரை முதலில் விடக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம், அவருடைய உயிருக்காகவும்தான்.

ஏற்றும் நாளுக்குப் புத்தகப் பெட்டி 15 கிலோவுக்கு மேல் வேண்டாம். பெரிய பெட்டியில் புத்தகம் நிறைத்தால் அடி கழன்று கொட்டும். உள்ளூருக்குள் மாறுவதானால் பட்டா என்ற சின்ன லொறி இரண்டு மூன்று நடை ஓடும். கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர், மூடிய லொறி வேண்டும். குளிர்சாதனப் பெட்டியை முதல்நாளே நிறுத்தி, நீர் வடியவிட்டு, நிமிர்த்தித்தான் ஏற்றவேண்டும். முதியவரின் கட்டில், விளக்கு, றேடியோ, சாமிப்படம் இவை கடைசியாக ஏறி முதலில் இறங்கவேண்டும். அன்றிரவு அவர் படுக்கும் அறை பழைய அறையைப்போலவே, கட்டிலின் தலைமாடு அதே திசையில் இருக்கட்டும். மற்றப் பெட்டிகள் ஒரு கிழமை கட்டியபடியே கிடந்தாலும் பரவாயில்லை.

லொறி போன பிறகு பழைய இரும்புக்காரருக்குத் தொலைபேசி எடுங்கள். வருமுன் செம்பு, பித்தளை, வெண்கலம், அலுமினியம், இரும்பு என்று வேறு வேறு உரப்பையில் பிரித்து, உங்கள் தராசில் நிறுத்து எழுதிவையுங்கள். கலந்து கொடுத்தால் எல்லாம் இரும்பு விலைக்குத்தான் போகும். வெண்கலத்தைத் தட்டினால் மணியோசை நீளும், பித்தளை சீக்கிரம் அடங்கும். சந்தேகமானதைத் தனியாக வைத்து இரண்டு பேரிடம் விலை கேளுங்கள். அலுமாரி, பெட்டி என்று போகும் ஒவ்வொன்றையும் படலையடியில் திறந்து, லாச்சியை முழுதாக வெளியே இழுத்து, அதன் பின்பக்கத்தையும் அடியையும் பாருங்கள். லாச்சிக்குப் பின்னால் விழுந்த கடதாசி அங்கேதான் சிக்கியிருக்கும்.